எக்ஸ்ரே அக்கா எடுத்துக்கொண்டு போன கேள்விகள்

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அக்கா இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். அத்தனை வருஷத்திலும் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வாசகம் "டாக்டர் சொல்லுவாரு" என்பதாகத்தான் இருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்ட ஆள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே "என்னாம்மா இருக்குது உள்ள?" என்று கேட்பார். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியாது. "டாக்டர் சொல்லுவாரு. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

எங்கப்பாவுக்கு நெஞ்சுப் படம் எடுத்ததும் அவர்தான். நானும் கேட்டேன். பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "டாக்டர் சொல்லுவாரு தம்பி" என்றார். டாக்டர் மறுநாள்தான் வந்தார். அதுவரைக்கும் அந்தம்மாவைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். அப்பா அப்புறம் நாலு மாதம் இருந்தார்.

நான் கடலூர் முதுநகரில் மைக்செட்டும் புரொஜெக்டரும் வாடகைக்கு விடுகிறவன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா எதுவாக இருந்தாலும் என் ஆம்னி வேன் முதலில் போய் நிற்கும். ஒருநாள் போனில் ஒரு பெண்குரல், சிதம்பரத்தில் ஒரு நூலகத்தில் வானத்தைப் பற்றிப் பேசப்போவதாகவும், திரை நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஜோசியக்காரம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் அதே அக்கா. ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு எப்படி மறக்கும்?

அன்றைக்குப் பேச்சைக் கேட்கவா போனேன்? எரிச்சலோடு ஒயரை மாட்டிவிட்டு வெளியே டீ குடிக்கப் போவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவர் போட்ட முதல் படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறப் படம். நடுவில் அழுக்குத் துடைத்ததுபோல ஒரு கறை. என் புரொஜெக்டர்தான் கெட்டுப்போய்விட்டது என்று லென்சைத் துடைக்க ஓடினேன்.

"அதுல ஒண்ணும் இல்ல தம்பி, கேமரா பாத்தது இவ்வளவுதான்" என்றார் அக்கா. "இதேமாதிரி இருநூறு படம் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குனாத்தான் அடுத்தது வரும்." அடுத்த படம் வந்தது. அதே கறை இப்போது ஊதாவும் சிவப்புமாக ஒரு மேகம். கூட்டம் ஆவென்றது. அக்கா மட்டும் ஆவென்று சொல்லாமல், கலரை எவ்வளவு கூட்டினார், எதைக் குறைத்தார், நம் கண்ணுக்கு நேரில் இது ஏன் இப்படித் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வதுபோலத்தான் இருந்தது. எல்லாப் படத்தின் மூலையிலும் தேதி, நேரம், எந்த ஊர், எந்தத் திசை. எக்ஸ்ரே பிலிமில் இடது வலது போட்டுப் பழகிய கை.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாதது வந்தால் ஒரு நீளநோட்டை எடுத்து, கேட்டவர் பேர், தெரு, வீட்டுக்கு அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டு, "இத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்பார். சும்மா ஒப்புக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அன்றிலிருந்து அவர் பேச்சு எங்கே நடந்தாலும் என் வேன்தான், என் திரைதான்.

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் ஒரு பரோட்டா மாஸ்டர் அப்படித்தான் மாட்டினார். கோயில் பக்கத்து மண்டபத்தில் பேச்சு. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கைலியை மடித்துக் கட்டியபடி எழுந்தவர், போகிற போக்கில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனார். "இம்மாம் கோடி நட்சத்திரம் இருக்குதுன்னு சொல்றீங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணு இருக்கணும்ல? அப்பறம் ஏம்மா ராத்திரி இருட்டா இருக்குது?"

அக்கா நோட்டை எடுத்தார். அதற்கப்புறம் நாலு மாதம் அந்தக் கேள்வி எங்கள் வேனில் உட்கார்ந்துகொண்டு வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அதைப் பற்றியே பேசுவார். யாரோ பேராசிரியருக்கு எழுதினார். லைப்ரரியில் புத்தகம் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ருட்டிக்குப் போக வேண்டும் என்றார். "அங்க என்னா புரோகிராம்கா?" என்றேன். "மாஸ்டருக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

மாஸ்டர் மாவு வீசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேள்வியும் நினைவில்லை, அக்காவையும் நினைவில்லை. பேரேட்டைத் திறந்து காட்டுவதுபோல நோட்டைக் காட்டினார் அக்கா. பிறகு கல் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். பிரபஞ்சத்துக்கு ஒரு வயசு இருக்கிறது, ரொம்பத் தூரத்தில் இருக்கிற நட்சத்திரங்களின் வெளிச்சம் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை, வந்து சேர்ந்ததிலும் பாதியைக் கண்ணால் பார்க்க முடியாது. மாஸ்டர் பரோட்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தார்.

"அப்ப இருட்டுன்னு ஒண்ணு இல்ல. வெளிச்சம் வந்துக்கிட்டு இருக்குது, நமக்கு இன்னும் வரல. அப்படித்தான?"

அக்காவின் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ரெண்டு செட் பரோட்டா சாப்பிட்டார். வழக்கமாக அரைச் செட்டோடு எழுந்துவிடுகிறவர்.

கம்மாபுரத்துக் கதை இதைவிட மோசம். நிலக்கரிச் சுரங்கத்து விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்து வானம் எப்போதும் செம்மண் கலரில் இருக்கும். அங்கே நட்சத்திரம் பற்றிப் பேசுவதே வம்பு. இருந்தாலும் பேசினார். ஒரு சிவப்பு நட்சத்திரத்தின் படத்தைக் காட்டி "இது திருவாதிரை" என்றார். உடனே ஒரு பெரியம்மா, "அது எம் நட்சத்திரமாச்சே!" என்று எழுந்து வந்து திரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். அக்கா படத்தை அவர் மகன் போனுக்கு அனுப்பிவைத்தார். ஒரு வாரம் கழித்து பைல்களைச் சரிபார்த்தபோது தெரிந்தது, படம் திருவாதிரை இல்லை, ரோகிணி. கோப்பு மாறிவிட்டது.

"போன்ல சொல்லிடுங்களேன்கா" என்றேன். "நேர்ல தப்பா சொன்னத போன்ல எப்படிச் சொல்றது?" என்றார். போனோம். பெரியம்மா அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் போட்டு, சாமிப் படங்களோடு வைத்து, சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். நானாக இருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அக்கா சொல்லிவிட்டார். பெரியம்மா படத்தைக் கையில் எடுத்தார். "ரோகிணி எம் மருமவ நட்சத்திரம். ஒரு வாரமா அவளுக்குத்தான் பூப் போட்டுக்கிட்டு இருந்தனா நானு?" என்றார். உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குடும்பத்துக்கு அடுத்த மாதமே சரியான திருவாதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரெண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்வி.

திரும்பி வரும்போதுதான் அப்பா விஷயத்தைக் கேட்டேன். அதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

"எங்கப்பாவுக்கு நீங்கதான் நெஞ்சுப் படம் எடுத்தீங்க. அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சுதாக்கா?"

கேட்ட உடனே அவருக்குப் புரிந்தது. எந்த மாதம், எந்த வார்டு என்று கேட்டார். சொன்னேன். "தெரிஞ்சுது" என்றார். "சொல்லக் கூடாதுன்னு ரூலு. ரூலு சரிதான், நான் டாக்டர் இல்ல. ஆனா பாத்தத சொல்லாம வச்சிருக்கிறது இருக்குதே, அது சோறு எறங்காது தம்பி. அதான் வானத்துக்குப் போயிட்டேன். அங்க பாத்தத யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம்."

எனக்கு அழுகை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவர் சாப்பாட்டுக் கூடையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை அவர்.

இதையெல்லாம் விட எனக்கு அவரை நினைத்தால் நினைவுக்கு வருவது கடலூருக்குத் தெற்கே இருக்கிற ஒரு மீனவ ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே புயல் பாதுகாப்பு மையம் என்று ஒரு மாடிக் கட்டடம் உண்டு. புயல் இல்லாத நாளில் கல்யாணம், கூட்டம் எல்லாம் அதில்தான். அங்கே நாங்கள் பேசப் போனதற்கு ஒரு வருஷம் முன்பு, தை அமாவாசை கழிந்த ரெண்டாம் நாள், அக்கா அதன் மொட்டை மாடியில் கேமராவை வைத்து, விடிவதற்கு முன்னால் கடலுக்கு மேலே பால்வீதி எழும்புவதை எடுத்திருந்தார். அந்த ஊருக்கே அதைக் காட்ட வேண்டும் என்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம்.

நல்ல கூட்டம். வானம் தெரிந்த ஜனங்கள். அக்கா ஒரு கொத்து நட்சத்திரத்தைக் காட்டிப் பேர் சொல்வதற்குள் "ஆறாமீனு!" என்று பத்துக் குரல் வந்தது. கடைசியாக அந்த ஊர்க் கடலின் படத்தைப் போட்டார். கீழே கறுப்பாகக் கடல், மேலே புகை படர்ந்ததுபோல பால்வீதி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்போது வாசல் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். அவர் எழுந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அந்தத் தேதி சரிதானாக்கா?" என்றார்.

"சரிதாம்மா."

"அன்னைக்கு எங்க வூட்டுக்காரரு கடல்ல இருந்தாரு. ஊர்ல பாதிப்பேரு கடல்லதான் இருந்தாங்க. கடல்ல ஒரு வெளக்குகூட இல்லியே. எங்க போட்டெல்லாம் எங்க?"

அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. "நான்தாம்மா அழிச்சிட்டேன்" என்றார். "இருநூறு படத்த அடுக்கும்போது, எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கிறத மட்டும் கம்ப்யூட்டர் வச்சுக்கும். அசையறது எதுவா இருந்தாலும் தூசின்னு நெனச்சித் தள்ளிடும். ஒங்க போட்டுங்க அசைஞ்சிருக்குது. அது எனக்குத் தோணவே இல்ல."

"தள்ளுனது இருக்குதா?"

"இருக்குது. எதையும் நான் தூக்கிப் போடறதில்ல."

"அதுல எங்க வூட்டுக்காரரு எங்க இருந்தாருன்னு பாத்துச் சொல்லுவீங்களா?"

அக்கா நோட்டை எடுத்தார். பேர், செல்வி. புருஷன் பேர், ஏழுமலை. வீடு, பச்சை பெயின்ட், கடைசித் தெரு.

விஷயம் பிறகு டீக்கடையில் தெரிந்தது. அதே விடியற்காலையில் அந்த ஊர்க் கலியபெருமாள் என்பவரின் பைபர் போட்டு எஞ்சின் நின்று, அவரும் தம்பியும் கடலில் மாட்டிக்கொண்டார்கள். டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். ஒரு போட்டு கிட்டே வந்து, திரும்பிப் போய்விட்டது. அந்த எஞ்சின் சத்தம் ஏழுமலையுடையது என்று கலியபெருமாள் சத்தியம் பண்ணினார். ஏழுமலையோ தான் வடக்கே வலை போட்டு நின்றதாகவும் அந்தப் பக்கமே போகவில்லை என்றும் சாதித்தார். கூடப் போன மச்சினன் போட்டின் முன்முனையில், அணியத்தில் தூங்கிவிட்டதால் சாட்சி இல்லை. அண்ணன் தம்பி ரெண்டு நாள் போட்டோடு கடலில் மிதந்து காரைக்கால் போட்டுக்காரர்களால் பிழைத்தார்கள். தம்பி அதோடு கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். ஊர் கூடித் தீர்ப்பெல்லாம் சொல்லவில்லை. ஏழுமலை வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். கடலில் ஒருத்தனை விட்டுவிட்டு வந்தவனோடு யார் பேசுவார்கள்? அவர் போட்டைத் தள்ள ஒரு கை வராது. செல்வி குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். செல்விக்குக் கேட்க வெளியூர் ஆள் ஒருவர்தான் கிடைத்திருக்கிறார்.

"வேணாம்கா, இது ஊர் வெவகாரம்" என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "வானத்தோட நிறுத்திக்குங்க."

"கேள்விய வாங்கிட்டேனே தம்பி" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் பச்சை வீட்டுக்குப் போனோம். ஏழுமலையும் இருந்தார். ஒல்லியான ஆள், வலை பின்னிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா இருநூறு படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடவிட்டார். கடலில் இப்போது விளக்குகள் முளைத்தன. பெரும்பாலும் தூரத்தில், அலையோடு கொஞ்சம் கொஞ்சம் அசைந்தபடி. ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெற்கே வந்தும் வராமலும் மினுக்கியது. வடக்கிலிருந்து ஒரு விளக்கு அதை நோக்கி நகர்ந்தது. கிட்டே போய் நின்றது. வந்த வழியே கொஞ்சம் திரும்பியது. பிறகு சிறுத்துப்போய், அதாவது ஆழ்கடல் பக்கம் விலகி, அந்தப் புள்ளியைத் தாண்டித் தெற்கே போய்விட்டது.

"நான் பாத்தது இவ்வளவுதாம்மா" என்றார் அக்கா. "வெளக்குல பேரு எழுதியிருக்காது. இது யாருன்னு எனக்குத் தெரியாது."

செல்வி படத்தைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது.

"நாந்தான்" என்றார். "வலைக் கோடியில கட்டுற லைட்டுன்னு நெனச்சேன். யாரோ வலை வுட்டிருக்காங்க, மேல ஏறி அறுத்துடப் போறோம்னு சுத்திக்கிட்டுப் போயிட்டேன். அது டார்ச்சுன்னு அவங்க பொழச்சி வந்து சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. அப்ப வலை லைட்டுன்னு நெனச்சேன்னு சொன்னா யாரு நம்புவா? பாக்கலன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்டயும் அதத்தான சொன்ன" என்றார் செல்வி. ஒரு வருஷமாகக் குழாயடியில் அவர் புருஷனுக்காகப் போட்ட சண்டையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

அக்கா லேப்டாப்பை மூடினார். "கேள்வி ஒன்னோடது, பதிலும் ஒன்னோடதுதான். வேணாம்னா இது எங்கிட்டயே இருக்கட்டும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காட்டுங்கக்கா. பொய் சொன்னான்னு தெரிஞ்சா தெரியட்டும்."

மறுநாள் சாயங்காலம் அதே மையத்தில் என் திரையைக் கட்டினேன். ரெண்டு தடவை முடிச்சு அவிழ்ந்தது. ஏழுமலை சுவரோரம் நின்றார். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் இல்லை. அக்கா ஒரு விளக்கமும் சொல்லாமல் படங்களை ஓடவிட்டார். ரெண்டாம் தடவை ஓடும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர், "டேய், இது வலைய சுத்துறான்டா" என்றார். "ஆமாம், பாரு, பின்னால வாங்கி ஆழத்துல ஏறுறான்." "கோடி லைட்டுன்னு நெனச்சிட்டான்." ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் வெறும் புள்ளியாகத் தெரிந்தது அவர்களுக்கு எழுத்தைப் படிப்பதுபோலத் தெரிந்தது. அந்தக் கடலில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், அடுத்தவன் வலைமேல் ஏற மாட்டார்கள்.

கலியபெருமாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். கனத்த ஆள். விளக்கு நின்ற இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். அந்த ரெண்டு புள்ளிகளுக்கும் நடுவே விரலை வைத்தார். ஏழுமலை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"யம்மா, இது எவ்ளோ தூரம்? எவ்ளோ கிட்ட வந்தான்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

என் கை தானாக அக்காவின் நோட்டை எடுத்து நீட்டியது. கணக்குப் போட்டால் ஓரளவு சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் நோட்டை வாங்கவில்லை.

"இந்தக் கேள்விய நான் எடுத்துக்கிட்டுப் போகலீங்க" என்றார். "தெரிஞ்சவரு அங்க நிக்கிறாரு. அவரக் கேளுங்க."

கலியபெருமாள் திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ கிட்டடா வந்த?"

ஏழுமலை சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "டார்ச்சு வெளிச்சம் தண்ணியில ஆடுறது தெரிஞ்சுது மச்சான். அவ்ளோ கிட்ட."

"நாங்க கத்துனோம்."

"எஞ்சின் சத்தத்துல கேக்கல."

"நிறுத்திப் பாத்திருக்கலாம்லடா."

"பாத்திருக்கலாம் மச்சான்."

கலியபெருமாள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காலால் ஏழுமலை பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரு" என்றார்.